ஊராரோடு சேர்ந்து சித்திரமும் வடிவமைப்பும் கற்பிக்க முடியுமா?

சித்திரப் பாடத்தைக் கணிதம், விஞ்ஞானம் போன்றவற்றோடு இணைத்து, ஊரிலுள்ள கைவினைஞர்களையும் தொழிலாளர்களையும் பங்காளர்களாகக் கொண்டு கற்பிப்பது நடைமுறையில் இயலுமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் சித்திர ஆசிரியையாகப் பல ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். இரண்டு முறை முயன்று, முதல் முறை தோற்றேன். இயலும் என்பதே என் பதில். ஆனால் என்ன கேள்வியைக் கேட்பது என்று தீர்மானிக்கும் உரிமையில் ஊராருக்கும் பங்கு இருந்தால் மட்டுமே அதைக் கூட்டு முயற்சி என்று சொல்ல முடியும்.

முதல் முறை, தரம் 10 மாணவிகளைச் சாம்பல்தீவுப் பக்கத்தில் பனையோலை பின்னும் ஓர் ஆச்சியிடம் அழைத்துச் சென்றேன். போகும்போதே நாங்கள் கடதாசியில் அழகான கைப்பைகளை வரைந்து, வண்ணம் தீட்டி, அளவும் குறித்துக் கொண்டு போயிருந்தோம். எல்லாமே வட்ட அடி கொண்ட பைகள். ஆச்சி அவற்றைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அடி சதுரமாத்தான் வரும், வட்டமா வேணுமெண்டால் சட்டி வாங்கு" என்றார். மாணவிகள் சிரித்தார்கள், எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது. நாங்கள் வற்புறுத்தியதால் அவர் எப்படியோ வளைத்து மூன்று பைகளைப் பின்னித் தந்தார். அவை கண்காட்சி மேசையில் ஒரு நாள் இருந்தன. அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினோம். அத்தோடு முடிந்தது.

ஆச்சி சொன்னதில் ஒரு முழு வடிவியல் பாடமே இருந்தது என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது. கடகத்தின், அதாவது பனையோலைக் கூடையின், அடியில் ஓலைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பின்னப்படுவதால் அது சதுரமாகவே அமைகிறது. நான்கு மூலைகளில் மடித்து மேலே ஏற்றும்போது ஓலைகள் சாய்வாக ஏறுவதால், உயரம் கூடக்கூட மூலைகள் மறைந்து வாய் வட்டமாகிவிடுகிறது. அந்த வட்ட விளிம்பு குலையாமல் நாரினால் கட்டுகிறார்கள். சதுரம் எப்படி வட்டமாகிறது என்று கேட்பதற்குப் பதிலாக, வட்டத்தில் தொடங்கச் சொல்லி அவரை வருத்தியிருக்கிறோம்.

இரண்டாம் முறை எந்தத் திட்டமும் இல்லாமல், மாணவர்களும் இல்லாமல், திருக்கடலூர்க் கரைக்குத் தனியாகப் போனேன். மாரிகாலம், கடல் கொந்தளித்துக் கொண்டிருந்ததால் வள்ளங்கள் மேலே ஏற்றப்பட்டிருந்தன, ஆண்கள் நிழலில் இருந்து வலை பொத்திக் கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் உங்களிடம் வந்து எதைக் கற்றால் உங்களுக்கும் பயன்படும் என்று கேட்டேன். வயதான ஒருவர், வலையைக் கயிற்றில் கோக்கும் கணக்கு இளையவர்களுக்குத் தெரியாமல் போகிறது, அதைப் பார்த்தாலே விளங்கும்படி வரைந்து தர முடியுமா என்று கேட்டார். அந்த ஆண்டின் எங்கள் வேலைக்கு அதுவே தொடக்கமாயிற்று.

அந்தக் கணக்கு இதுதான். வலையை முழுதாக இழுத்தால் அதன் கண்கள், அதாவது நூல்களுக்கு இடையிலுள்ள துளைகள், மூடிக்கொள்ளும். அதைவிடக் குறைந்த நீளமுள்ள கயிற்றில் சுருக்கிக் கட்டினால்தான் கண்கள் சாய்சதுரமாகத் திறக்கும். எவ்வளவு சுருக்குவது? கணித ஆசிரியர் பைதகரசின் தேற்றத்தைக் கொண்டு மாணவர்களைக் கணிக்கச் செய்தார். முழுதாக இழுத்த வலை 100 மீற்றர் என்றால், ஏறத்தாழ 71 மீற்றர் கயிற்றில் கட்டும்போது கண் சரியான சதுரமாகி அதன் பரப்பு மிக அதிகமாகிறது. மாணவர்கள் பெருமிதத்தோடு அந்த விடையைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அந்த வயதானவர், மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும் தம்முடைய செவுள் வலையை 100 மீற்றருக்கு 50 மீற்றர் என்ற அளவில் கட்டியிருந்தார். கணக்கின்படி அந்தக் கண்ணின் பரப்பு சதுரக் கண்ணின் பரப்பில் 87 சதவீதம்தான். ஏன் என்று கேட்டதற்கு, "இழுத்துக் கட்டினால் மீன் முட்டிப்போட்டுத் திரும்பிப் போயிடும், தொய்வாக் கிடந்தால்தான் மாட்டும்" என்றார். பரப்பை அதிகரிப்பது எங்கள் கேள்வியாக இருந்தது. அவர் கேள்வியோ மீனைப் பற்றியது. வடிவமைப்பில் நோக்கம் என்பதற்கு நான் கரும்பலகையில் எழுதிக் கொடுத்த வரைவிலக்கணங்கள் எல்லாம் அந்த ஒரு பதிலுக்கு முன் நிற்கவில்லை. அதன் பிறகு விஞ்ஞான ஆசிரியையும் தாமாகவே வந்து சேர்ந்துகொண்டார். கண்ணின் அளவுக்கும் குஞ்சு மீன்கள் தப்புவதற்கும் உள்ள தொடர்பை அவரே கற்பித்தார். இறுதியில் மாணவர்கள் தகரத்தில் வரைந்த பலகை ஒன்று கரையில் உள்ள கொட்டிலில் தொங்கவிடப்பட்டது. முதல் வரைபில் முடிச்சைத் தவறாக வரைந்திருந்ததால், மூன்று முறை எங்களைத் திருப்பி அனுப்பிய பிறகே அதை ஏற்றுக்கொண்டார்கள்.

முடிவெடுப்பதில் பங்கு என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1919இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் பட்டறைக்கு ஒரு கலைஞர், ஒரு கைவினைஞர் என இரண்டு ஆசான்கள் இருந்தார்கள். ஆனால் ஆசான்களின் அவையில் கைவினைஞருக்குச் சமமான வாக்குரிமை இல்லை. கைவினைஞரைச் சேர்த்துக்கொள்வதற்கும் முடிவில் பங்கு கொடுப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு நம்மிடத்திலும் தெளிவாகவே தெரிகிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அண்ணாவிமாரின், அதாவது ஊரில் கூத்துப் பழக்கும் ஆசான்களின், கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்தார். அது பெரும் பணி, கூத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தது. பின்னாளில் மட்டக்களப்பின் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கமோ, கூத்தை ஊரிலேயே வைத்து, எதை மாற்றுவது என்பதை ஆடுபவர்களோடு பேசித் தீர்மானித்தது. கல்வி முறையாகப் பார்த்தால் எனக்கு இரண்டாவதே நெருக்கமானது.

நீங்கள் தொடங்குவதானால், பாடசாலை நாட்காட்டிதான் முதல் தடையாக இருக்கும். கிழக்குக் கரையில் வலை பொத்துபவருக்கு ஓய்வு கிடைக்கும் மாரிகாலத்தில்தான் ஆண்டிறுதி விடுமுறை வருகிறது. கடல் அமைதியாகி அவர் தொழிலுக்குப் போகும் மாதங்களிலோ நாம் வகுப்பில் இருக்கிறோம். ஆகவே மாரியில் பேசி, கற்று, குறிப்பெடுத்துக்கொண்டு, வரைதலையும் கணித்தலையும் பின்னர் வகுப்பில் செய்தோம். இரண்டாவது, கூலி. ஒருவர் அரை நாளை நமக்காகச் செலவிட்டால் அதற்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் வழி இல்லையென்றால் அவர் வேலை செய்துகொண்டிருக்கும் இடத்திற்கே போய் இடையூறின்றி இருக்க வேண்டும். புள்ளியிடுவது எளிதாகவே தீர்ந்தது: மாணவரின் பயிற்சிக் கொப்பியில் ஒரு பக்கத்தை வலைகாரருக்கு விட்டுவைத்தோம். அவர் சொன்னதை மாணவரே எழுதி, வாசித்துக் காட்டி, அவரிடம் கையொப்பம் பெற வேண்டும். சிலரின் பக்கத்தில் "முடிச்சு இன்னும் சரியில்லை" என்பதைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. அதற்கும் புள்ளி கொடுத்தேன்.