மருமகளைப் படிக்க வைக்க ஆசை, குழந்தைக்கு மூன்று மாதம்

கேள்வி: எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். போன வருஷம் பொங்கல் முடிந்து, +2 பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, படித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அப்போது அவளுக்குப் பதினேழு. இப்போது பதினெட்டு முடிந்துவிட்டது, கையில் மூன்று மாதக் குழந்தை. பத்தாம் வகுப்பில் 421 மார்க் வாங்கியவள். பரீட்சை எழுதாமல் போனதை நினைத்து ராத்திரியில் அழுகிறாள். படித்த பள்ளியில் போய்க் கேட்டேன். 'கல்யாணம் ஆன பெண்ணைச் சேர்த்தால் மற்ற பிள்ளைகள் கெட்டுப்போகும்' என்று அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மருமகள் அழுவதைக் கேட்டு, அவளுக்காகப் பள்ளிப் படியேறியிருக்கிறீர்கள். பெற்ற தாய்கூடச் செய்யத் தயங்குகிற காரியம் இது. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

முதலில் சங்கடமான விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயது நிறையாத பெண் விருப்பப்பட்டே வந்திருந்தாலும் சட்டம் அதை ஏற்பதில்லை. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டமும் உங்கள் மகன் விஷயத்தில் பொருந்தும். இதை மூடி மறைத்துக்கொண்டு பயத்திலேயே வாழாதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் உதவி கிடைக்கும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசம். 15100 என்ற எண்ணுக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். வழக்கு ஒரு பக்கம் எப்படிப் போனாலும் அவள் படிப்புக்கு அது தடை இல்லை. கல்யாணம் ஆனவள், குழந்தை பெற்றவள் படிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சரி, பள்ளிக்கு வருவோம். அவள் நின்றது பொங்கலுக்குப் பிறகு என்கிறீர்கள். அதற்குள் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைப் பள்ளிகள் அனுப்பியிருக்கும். அவள் பெயர் அதில் போயிருந்தால், கணக்கில் அவள் தேர்வுக்கு வராதவள், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்கள் தனித்தேர்வராக எழுத வழி உண்டு. மார்ச் தேர்வு முடிவு வந்த பிறகு துணைத்தேர்வு நடக்கும், அதை விட்டால் அடுத்த மார்ச். ஆகவே பள்ளியில் கெஞ்ச வேண்டாம். பெயர் போனதா, தேர்வெண் வந்ததா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்குப் போய், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று கேளுங்கள். பள்ளியில் பதில் சொல்ல மறுத்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் சொல்லுங்கள், முதன்மைக் கல்வி அலுவலரிடம் ஒரு மனுவும் கொடுங்கள். செய்முறைத் தேர்வு உள்ள பாடப்பிரிவு என்றால், அதை எங்கே எப்படி முடிப்பது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஆறு பாடத்திலும் ஒரே தடவையில் தேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேறிய பாடம் தேறியதுதான், மீதியைப் பிறகு எழுதலாம். இதை அவளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ஒரு வருஷப் பாடத்தில் பெரும்பகுதியை வகுப்பில் உட்கார்ந்து படித்தவள் அவள். முதலிலிருந்து தொடங்கவில்லை.

இனி நான் முக்கியமாக நினைப்பது. இப்படிப் பாதியில் நின்ற பெண்கள் திரும்பப் படிக்க முடியாமல் போவதற்குப் பள்ளியின் மறுப்பைவிடப் பெரிய காரணம் வீட்டில்தான் இருக்கிறது. 'வீட்டிலிருந்தே படி' என்பார்கள். புத்தகத்தைத் திறந்ததும் குழந்தை அழும், பால் பொங்கும், யாராவது தண்ணீர் கேட்பார்கள். படிக்காதே என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இருந்தும் பரீட்சை வரும்போது பாதிப் புத்தகம் பிரிக்காமல் கிடக்கும். அவளுக்குத் தேவை தினமும் நான்கு மணி நேரம், அதுவும் வீட்டுக்கு வெளியே. ஊர் நூலகம், டியூஷன், இல்லையென்றால் பரீட்சை எழுதப்போகிற தோழி ஒருத்தியின் வீட்டுத் திண்ணை. அந்த நேரத்தில் குழந்தை உங்கள் மடியில்.

நீங்கள் கூலி வேலைக்குப் போகிறவராக இருந்தால் இது வருமானத்தில் கை வைக்கும், தெரியும். அதனால் மகனையும் கணக்கில் சேருங்கள். இரண்டாவது ஷிஃப்ட் வாரத்தில் காலை முழுக்க அவன் வீட்டில்தானே இருக்கிறான்? குழந்தையைக் குளிப்பாட்டவும் தூங்க வைக்கவும் அவன் கற்றுக்கொள்ளட்டும். அப்பன்தானே. அவன் ஷிஃப்ட் அட்டவணையைச் சுவரில் ஒட்டி, யார் எந்த நேரம் என்று எழுதி வையுங்கள். இரவில் குழந்தை விழித்தால் பால் கொடுக்க மட்டும் அவளை எழுப்பினால் போதும்.

தாய்ப்பால் நிற்க வேண்டியதில்லை. கிளம்பும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை கொடுக்கட்டும். நடுவில் பசித்தால், கறந்து ஃப்ரிட்ஜில் வைத்த பாலைச் சுத்தமான பாலாடையில் புகட்டலாம். முதல் சில நாள் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும், துணி நனையும். இதெல்லாம் சகஜம் என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு மாற்றுத்துணி கொடுத்து அனுப்புங்கள். இல்லையென்றால் வெட்கப்பட்டே நின்றுவிடுவாள். ஆறு மாதம் ஆனதும் கூழ் ஊட்டத் தொடங்கலாம், அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கும்.

இன்னொன்று. அடுத்த குழந்தை இப்போது வேண்டாம். அவள் உடம்புக்கும் ஆகாது, படிப்பும் அதோடு நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசி, காப்பர்-டி இரண்டும் அரசு மருத்துவமனையில் இலவசம். எது தோதுப்படும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து போய் டாக்டரிடம் கேட்கட்டும். 'அடுத்தது எப்போது?' என்று கேட்கிற உறவினர்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

+2 முடித்தால் கல்லூரிக்கும் கதவு திறக்கும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். சமூகச் சீர்திருத்தவாதி மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டம் இது. முன்பு அதே பெயரில் தாலிக்குத் தங்கமும் பணமும் தந்தார்கள். 2022இல் அந்தத் திட்டத்தைப் படிப்புக்கு மாற்றினார்கள். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது.

அவளுடைய மதிப்பெண் பட்டியல் பிறந்த வீட்டில் இருக்கிறதா? அப்படியானால் நீங்களே பேத்தியையோ பேரனையோ தூக்கிக்கொண்டு ஒரு தடவை போய் வாருங்கள். தரவில்லையென்றால் சண்டை வேண்டாம், அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இரண்டாம்படி வாங்கலாம். ஆனால் போய்க் கேளுங்கள். அவர்களும் அந்த 421ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்கள்தான்.

தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்கி 1.15 வரை நடக்கும். அன்றைக்கு மையத்துக்குக் குழந்தையோடு நீங்களும் போங்கள். ஒன்பதரைக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போகட்டும். பக்கத்தில் ஒரு மர நிழலாகப் பார்த்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.