அரசு கொடுத்த சுவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோ சுவரோவியங்கள் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அவற்றை 'மக்கள் கலை' என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம். வரையச் சொன்னது அரசு, சுவர் அரசுடையது, பணம் கொடுத்ததும் அரசு. அப்படியென்றால் அது அரசுப் பிரச்சாரம்தானே? எதிர்ப்பு எங்கிருந்து வரும்? தியேகோ ரிவேராவின் படங்களைப் பார்த்தால் பாடப்புத்தகம் பார்ப்பதுபோல இருக்கிறது. உழைப்பாளி நல்லவன், முதலாளி கெட்டவன், அவ்வளவுதான். ஃப்ரீடா காலோ மட்டும்தான் தன் வலியை உண்மையாக வரைந்தவர் என்று தோன்றுகிறது. நான் சரியாகப் பார்க்கவில்லையா? எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ம., சேலம்

அன்புள்ள ம.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. பத்தாண்டுக்காலப் புரட்சி ஓய்ந்து, 1921இல் கல்வி அமைச்சரான ஹோசே வாஸ்கோன்செலோஸ்தான் ஓவியர்களைக் கூப்பிட்டுப் பொதுக் கட்டடங்களின் சுவர்களைக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களே மிகுதியாக இருந்த, உள்நாட்டுப் போரில் சிதறிப்போன ஒரு நாட்டை ஒன்றாக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதை அவர் ஒளிக்கவில்லை.

ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டவுடனே படத்தையும் பார்த்து முடித்துவிட்டதாக நாம் நினைத்துவிடுகிறோம். அங்கேதான் நான் உங்களோடு வேறுபடுகிறேன். அதே அரசு கொடுத்த சுவரில் ஹோசே கிளெமென்தே ஒரோஸ்கோ என்ன செய்தார் என்று பாருங்கள்.

மெக்சிகோ நகரத்தில் சான் இல்தெஃபோன்சோ என்ற பழைய கட்டடம். அன்று அது பல்கலைக்கழகப் படிப்புக்கு மாணவர்களைத் தயார்செய்த தேசிய ஆயத்தப் பள்ளி. அதன் மாடிப்படியில் 1926இல் ஒரோஸ்கோ கோர்த்தேஸையும் மலிஞ்சேயையும் வரைந்தார். கோர்த்தேஸ் நாட்டைப் பிடித்த ஸ்பானியத் தளபதி. மலிஞ்சே அவனுக்கு அடிமையாகக் கொடுக்கப்பட்டு, அவனுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து, அவனுக்குப் பிள்ளையும் பெற்ற பூர்வகுடிப் பெண். இருவரும் ஆடையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கை கோத்திருக்கிறார்கள். அவன் உடம்பு சிலைபோல வெளுத்து இறுகியிருக்கிறது, அவள் பழுப்பு. அவனுடைய இன்னொரு கை அவளுக்குக் குறுக்கே நீள்கிறது. அணைக்கிறதா தடுக்கிறதா என்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் தீர்மானிக்க முடியாது. காலடியில் ஒரு பூர்வகுடி உடல் குப்புறக் கிடக்கிறது.

மெக்சிகர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு வழியும் கலந்து வந்தவர்கள். உன் தாயும் தகப்பனும் இவர்கள்தான், உன் பிறப்பில் அந்தக் கிடக்கும் உடலும் உண்டு என்று, பிள்ளைகள் தினமும் ஏறி இறங்கும் படிக்கட்டில் ஒருவர் வரைந்து வைத்திருக்கிறார். கலப்பினமே எதிர்காலத்தின் பெருமை என்று வாஸ்கோன்செலோஸ் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பெருமைக்கு இதைவிடக் கடுமையான பதில் எழுத்தில்கூட வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதே கட்டடத்தில் 'பதுங்குகுழி' என்ற ஓவியம். மூன்று பேர், பின்னால் சிவப்பு. ஒருவன் சிலுவையில் அறையப்பட்டவனைப்போல் கைவிரித்துச் சாய்ந்திருக்கிறான். இன்னொருவன் மண்டியிட்டு முகத்தை மூடிக்கொண்டிருக்கிறான். ஒரு முகமும் முழுதாகத் தெரியாது. எதிரி யார் என்பதும் படத்தில் இல்லை, வெற்றியும் இல்லை. புரட்சியின் பெயரால் ஆட்சிக்கு வந்த அரசின் சுவரில் புரட்சியை இப்படி வரைவதைப் பிரச்சாரம் என்று எப்படிச் சொல்வது? அங்கே வரைந்ததற்கு ஓவியர்கள் விலையும் கொடுத்தார்கள். 1924இல் மாணவர்களே அங்கிருந்த ஓவியங்களைச் சேதப்படுத்தினார்கள், ஒரோஸ்கோவின் வேலை நின்றது. இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்ப வந்து முடித்தார்.

ரிவேரா வேறு ரகம். நீங்கள் சொல்லும் பாடப்புத்தகத் தன்மை அவரிடம் உண்டு. 1951இல் தேசிய மாளிகையில் அவர் வரைந்த கோர்த்தேஸ் கூன்விழுந்து, முட்டி வீங்கி, நோய்பிடித்த நிறத்தில் நிற்கிறான். ஸ்பானியர் வருவதற்கு முந்தைய நாடோ குறையே இல்லாத சந்தையும் வயலுமாக இருக்கிறது. ஒரோஸ்கோ திறந்து வைத்த கேள்வியை இவர் மூடிவிடுகிறார்.

ஆனால் கல்வி அமைச்சகக் கட்டடத்தில் 1923 முதல் வரைந்த ஓவியங்களில் 'சுரங்கத்திலிருந்து வெளியேறல்' என்ற ஒன்றைத் தேடிப் பாருங்கள். வேலை முடித்து மேலே வந்த தொழிலாளி, வெள்ளி எதையாவது ஒளித்து வைத்திருக்கிறானா என்று கண்காணி தடவிப் பார்ப்பதற்காக இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறான். ரத்தம் இல்லை, சாட்டை இல்லை. தினசரி நடக்கும் ஒரு சோதனை. அவன் நிற்கும் நிலை தேவாலயத்தில் எல்லோரும் பார்த்துப் பழகிய நிலை, அதனால் விளக்கமே தேவைப்படவில்லை. அதோடு, உலோகத்தையெல்லாம் குத்துவாளாகச் செய், அப்போது அது உனக்காகத்தான் என்பது தெரியும் என்று சுரங்கத் தொழிலாளியிடம் சொல்லும் கவிதை ஒன்றையும் சுவரில் எழுதினார். பத்திரிகைகள் கொதித்தன, கவிதையை எடுக்கவேண்டி வந்தது. படம் நின்றது.

சரி, பணம் கொடுப்பவர் கை ஓங்குவதே இல்லையா என்றால், ஓங்கும். 1933இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மையத்தில் ரிவேரா லெனினின் முகத்தை வரைந்தார். அதை மாற்றச் சொன்னார்கள், அவர் மறுத்தார். பேசிய 21,000 டாலரையும் கொடுத்து வேலையை நிறுத்தினார்கள். ஃப்ரெஸ்கோ என்ற சுவரோவிய முறையில் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல், அது காய்வதற்குள் வண்ணம் தீட்டுவார்கள். வண்ணம் பூச்சுக்குள்ளேயே இறுகிவிடும், துடைத்து அழிக்க முடியாது. அதனால் 1934 பிப்ரவரியில் கொத்தி எடுத்தார்கள். அதே ஆண்டு ரிவேரா அதை மெக்சிகோவின் நுண்கலை மாளிகையில், அரசு கொடுத்த சுவரில், லெனினோடு சேர்த்துத் திரும்ப வரைந்தார். தனியார் பணம் உடைத்ததை அரசுப் பணம் தாங்கியது.

ஃப்ரீடாவைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். 'தன் வலி' என்று சுருக்கிவிடாதீர்கள். 1932இல் டெட்ராய்ட்டில், ரிவேரா ஃபோர்டு தொழிற்சாலையை வியந்து சுவரோவியத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, ஃப்ரீடா ஒரு உலோகத் தகட்டில் தன்னை மெக்சிகோ-அமெரிக்க எல்லையில் நிறுத்தி வரைந்தார். ஒரு அடிக்குச் சற்றுக் கூடுதலான அகலம்தான். இளஞ்சிவப்பு உடை, கையில் குட்டி மெக்சிகோக் கொடி. ஒரு பக்கம் இடிந்த கோயில், வேரோடு செடிகள். மறுபக்கம் புகை கக்கும் ஃபோர்டு புகைபோக்கிகள், மின்கம்பி ஓடும் எந்திரங்கள். மண்ணுக்குக் கீழே அந்தக் கம்பி செடியின் வேரைத் தொடுகிறது. யாருடைய மண்ணை உறிஞ்சி யாருடைய எந்திரம் ஓடுகிறது என்ற கேள்வி, கணவர் ரிவேராவின் பிரம்மாண்டமான சுவரைவிட இந்தத் தகட்டில் கூர்மையாக இருக்கிறது.

உங்கள் கேள்வியைவிட என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. பணம் யாருடையது என்பதைக் காட்டிலும், சாரத்தில் ஏற யாரை விட்டார்கள் என்பது. அவுரோரா ரேயெஸ் மெக்சிகோவின் முதல் பெண் சுவரோவியர். 1936இல் தலைநகரின் ஒரு பள்ளியில் கிராமத்து ஆசிரியை தாக்கப்படுவதை வரைந்தார். அரசின் புதிய கல்வியை எதிர்த்தவர்கள் கிராமப்புற ஆசிரியர்களை அடித்தும் கொன்றும் வந்த காலம். ஒருவன் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறான், மற்றவன் துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் இடிக்கிறான், பின்னால் குழந்தைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பெரிய மூவர் என்று போற்றப்படும் ரிவேரா, ஒரோஸ்கோ, சிக்கெய்ரோஸ் பற்றிய எழுத்துகளில் இந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது?

ஓவியர் மரியா இஸ்கியெர்தோவுக்கு நடந்தது இன்னும் மோசம். 1945இல் தலைநகர நிர்வாகக் கட்டடம் ஒன்றின் மாடிப்படிச் சுவர்கள் அவருக்கு ஒப்பந்தமாயின. பிறகு அது ரத்தானது. அவருக்கு ஃப்ரெஸ்கோ அனுபவம் போதாது என்று சொன்னவர்கள் ரிவேராவும் சிக்கெய்ரோஸும். 'கலை மக்களுக்கே' என்று சங்கம் வைத்து அறிக்கை விட்டவர்கள் அந்த அறிக்கைக்குச் செய்த துரோகமாகவே இதை நான் பார்க்கிறேன். இஸ்கியெர்தோ வெளிப்படையாகக் கண்டித்தார். தன்னால் முடியும் என்று காட்ட 'இசை', 'துன்பியல்' என்று இரண்டு பலகைகளை ஃப்ரெஸ்கோவாகவே வரைந்தும் வைத்தார். ஆனாலும் அந்தச் சுவர் அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். ஒரோஸ்கோவின் 'பதுங்குகுழி'யைப் பாருங்கள், அப்புறம் ஃப்ரீடாவின் எல்லை ஓவியம், பிறகு அவுரோரா ரேயெஸ். ரிவேராவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அப்போது அவரிடம் உள்ள நல்லதும் தெரியும். இஸ்கியெர்தோவின் அந்த இரண்டு பலகைகளின் படங்களையும் தேடிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்