சைலன்சர் இருக்கும் இடத்தில், காரின் பின்பக்கம் அடியில் டர்போ பொருத்தினால் வேலை செய்யுமா?

வேலை செய்யும். டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவால் சுற்றும் ஒரு சக்கரமும் (டர்பைன்), அதோடு சேர்ந்து சுற்றி எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் இன்னொரு சக்கரமும் (கம்ப்ரசர்) கொண்ட கருவி. நானும் நண்பனும் ஒரு பழைய 2 லிட்டர் பெட்ரோல் காரில் இதைச் செய்து இரண்டு வருடம் ஓட்டினோம். பானெட்டைத் திறந்தால் கை நுழையக்கூட இடமில்லை, பின்னால் சைலன்சரைக் கழற்றியதும் தாராளமாக இடம் கிடைத்தது. அங்கே வைத்ததற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

எக்ஸாஸ்ட் வாயு பின்னால் வருவதற்குள் ஆறிவிடுமே, டர்போ எப்படிச் சுற்றும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறத்தான் செய்யும். நன்றாக மிதிக்கும்போது எஞ்சினை விட்டு 800, 900 டிகிரி செல்சியஸில் கிளம்பும் வாயு, கடைசிவரை வருவதற்குள் சில நூறு டிகிரியை இழந்துவிடும். சூடு குறைந்தால் வாயு சுருங்கும், வேகமும் குறையும். முன்னால் வைப்பதற்கென்று தேர்ந்தெடுக்கும் டர்போவை அப்படியே பின்னால் மாட்டினால் அது சோம்பேறித்தனமாகச் சுற்றுவது இதனால்தான். டர்பைன் பக்கக் கூட்டை மட்டும் ஒரு அளவு சின்னதாக, வழி குறுகலாக இருப்பதாகப் போட்டால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். குழாய் முழுக்க வெப்பம் தாங்கும் நாடாவையும் சுற்றினோம். சுற்றுவதற்கு முன்பும் பின்பும் இருந்த வித்தியாசம் மீட்டரைப் பார்க்காமலே காலில் தெரிந்தது. மூட்டுகளில் துளிக் கசிவுகூட இருக்கக் கூடாது. வழியில் போகிற வாயு டர்பைனைச் சுற்றாது.

இந்த ஏற்பாடு ஒன்றும் புதிதில்லை. இரண்டாம் உலகப் போரில் பறந்த அமெரிக்க பி-47 தண்டர்போல்ட் விமானத்தில் எஞ்சின் மூக்கில் இருக்கும், டர்போ விமானிக்கும் பின்னால் இருக்கும். எக்ஸாஸ்ட் வயிற்றுக்கடியில் பின்னோக்கிப் போகும், அழுத்தப்பட்ட காற்று, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாகத் திரும்ப முன்னால் வரும். கார்களில் அமெரிக்காவின் ஸ்கொயர்ஸ் டர்போ சிஸ்டம்ஸ் இதைப் பாகங்கள் எல்லாம் சேர்ந்த கிட்டாகவே விற்றது. அங்கே கார்வெட், கமாரோ வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சமாச்சாரம்.

அடுத்து, டர்போவிலிருந்து எஞ்சினுக்கு வரும் அவ்வளவு நீளக் காற்றுக் குழாய் நிரம்பவே நேரமாகுமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 செ.மீ. உள்விட்டம், 4 மீட்டர் நீளம் என்றால் குழாயின் கொள்ளளவு 8 லிட்டர்கூட வராது. அதில் 0.5 பார் பூஸ்ட் (வெளிக்காற்றைவிடக் கூடுதலான அழுத்தம்) ஏற, கூடுதலாக 4 லிட்டர் காற்று போதும். 2 லிட்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு சுமார் 50 லிட்டர் காற்றை இழுக்கிறது. கம்ப்ரசர் அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாகத் தள்ளினாலே அரை நொடிக்குள் குழாய் நிரம்பிவிடும். தாமதம் இருந்தால் அது பெரும்பாலும் டர்பைன் வேகமெடுக்கும் தாமதம்தான். அந்த நீளக் குழாய் வண்டிக்கு அடியில் காற்றுபட வருவதால் கொஞ்சம் இன்டர்கூலர் வேலையும் பார்க்கிறது. குறைந்த பூஸ்டுக்கு நாங்கள் தனியாக இன்டர்கூலர் போடவில்லை.

சரி, யாரும் கேட்காத கேள்விக்கு வருகிறேன். டர்போவுக்குள் போன ஆயில் எப்படித் திரும்பி வரும்?

முன்னால் இருக்கும் டர்போ, எஞ்சினுக்கு அடியில் ஆயில் சேரும் சம்புக்கு மேலே இருப்பதால், பியரிங்கை நனைத்த ஆயில் தானாகவே கீழே இறங்கிவிடும். பின்னால் வைத்தால் டர்போ சம்பின் மட்டத்துக்கோ அதற்கும் கீழோ வந்துவிடுகிறது. ஆயில் தானாக மேலே ஏறாது. உறிஞ்சி அனுப்ப ஒரு பம்ப் வேண்டும், அந்தப் பம்ப் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது. டர்போவின் சீல் என்பது ரப்பர் இல்லை, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு உலோக வளையம். ஆயில் தடையில்லாமல் வடிந்தால்தான் அது ஆயிலைத் தடுக்கும். உள்ளே தேங்கினால் ஒரு பக்கம் எக்ஸாஸ்டுக்குள்ளும் மறுபக்கம் காற்றுக் குழாய்க்குள்ளும் வழியவிடும்.

எங்களுக்கு அது நடந்தது. நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது பம்பின் ஃபியூஸ் போய்விட்டது. ஓட்டுகிற எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் வந்தவர் விடாமல் ஹாரன் அடித்ததில்தான் கண்ணாடியைப் பார்த்தேன், சாலையே நீலப் புகையில் மறைந்திருந்தது. நிறுத்திவிட்டு டிப்ஸ்டிக்கை இழுத்தால் நுனியில்கூட ஆயில் இல்லை. இன்னும் சில கிலோமீட்டர் போயிருந்தால் டர்போவோடு எஞ்சினும் போயிருக்கும். அப்புறம்தான் பம்புக்கு நல்ல ரிலே, தனி ஒயர், அது நின்றால் டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு எல்லாம் போட்டோம். முதலிலேயே போட்டிருக்க வேண்டியவை. டர்போவுக்கு ஆயில் போகும் குழாயில், எஞ்சின் நின்றதும் ஆயிலைத் தடுக்க ஒரு செக் வால்வும் வேண்டும். இல்லையென்றால் வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது ஆயில் மெல்ல இறங்கி டர்போவை நிரப்பிவிடும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் புகை மூட்டம்.

டர்போவின் காற்று ஃபில்டரைப் பின்சக்கரத்துக்கு நேராக வைக்காதீர்கள், தண்ணீரும் சேறும் நேராக அதில்தான் அடிக்கும். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருந்தால் தகடு வைத்து வெப்பத்தைத் தடுத்தே ஆக வேண்டும், அதில் சமரசமே கிடையாது. இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், ட்யூனிங் எல்லாம் டர்போ எங்கே இருந்தாலும் ஒன்றுதான். உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் வாயு எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற கணக்கு) 10:1 என்று எழுதியிருப்பதால், உள்ளே எதையும் மாற்றாமல் 0.4 பாருக்கு மேல் நான் போகமாட்டேன்.

எதையும் வாங்குவதற்கு முன் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சம்பில் ஆயில் திரும்பிச் சேரும் இடத்தின் உயரத்தையும் டர்போ உட்காரப்போகும் உயரத்தையும் தரையிலிருந்து அளந்து இங்கே கமென்டில் போடுங்கள். எந்த மாதிரிப் பம்ப் தேவைப்படும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.