கழுத்து ஆபரேஷனுக்குப் பின் கை தூக்க முடியவில்லையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கழுத்தில் தண்டுவட ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் தோளைத் தூக்க முடியவில்லை. டாக்டர் தவறு செய்துவிட்டாரா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். ஐந்தாவது கழுத்து நரம்பு (சி5) செயலிழப்பது இந்த ஆபரேஷனில் தெரிந்த பின்விளைவுதான். குறையில்லாமல் செய்தாலும் வரலாம். தோளும் முழங்கை மடக்கும் பைசெப்ஸும் பலமிழக்கும், விரல்கள் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனாலும் அன்றைக்கே சர்ஜனிடம் சொல்லுங்கள். ரத்தக்கட்டு அழுத்துகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

"தானாகச் சரியாகும், ஒரு வருடம் பொறுங்கள்" என்கிறார்கள். பொறுக்கலாமா?

பலருக்குத் தானாகவே சரியாகிறது, உண்மைதான். ஆனால் சும்மா காத்திருக்கக் கூடாது. நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். 12 முதல் 18 மாதம் நரம்புத் தொடர்பில்லாமல் கிடந்த தசை, பிறகு புது நரம்பு வந்தாலும் ஏற்பது கடினம். மூன்று மாதமாகியும் அசைவு இல்லையென்றால் இ.எம்.ஜி. (தசைக்கு நரம்புத் தொடர்பு இருக்கிறதா என்று மின்சாரம் மூலம் பார்க்கும் சோதனை) எடுத்து, கை நரம்பு சர்ஜனைப் பாருங்கள். ஆறு மாதத்தை ஒட்டி நரம்பு மாற்றம், அதாவது நன்றாக வேலை செய்யும் நரம்பின் ஒரு பகுதியைச் செயலிழந்த தசையின் நரம்போடு இணைக்கும் ஆபரேஷன், செய்வது நல்லது. ஒன்றரை வருடம் கழித்து வருபவரிடம் "முன்பே வந்திருக்கலாமே" என்று சொல்வதுதான் எனக்கு மிகவும் வருத்தமான வேலை.

நல்ல நரம்பை வெட்டி எடுத்தால் விரல்கள் கெட்டுவிடாதா?

முழு நரம்பையும் எடுப்பதில்லை. ஓபர்லின் என்ற பிரெஞ்சு சர்ஜன் 1994-இல் வெளியிட்ட முறை இது. மேல்கை வழியாகச் சுண்டு விரல் பக்கம் ஓடும் அல்நார் நரம்புக்குள் பல இழைக்கட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் மெல்லிய மின்சாரத்தால் தூண்டிப் பார்ப்போம். எதைத் தொட்டால் முக்கியமாக மணிக்கட்டு மடங்குகிறதோ, அந்த ஒன்றை மட்டும் பிரித்து, பைசெப்ஸுக்குப் போகும் கிளையோடு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைப்போம். மணிக்கட்டை மடக்க வேறு தசையும் இருப்பதால் இழப்பு பெரிதாகத் தெரியாது. சுண்டு விரலில் கொஞ்ச நாள் மரத்துப்போன உணர்வு இருக்கலாம். தோளுக்கு, மேல்கையின் பின்புறத் தசையான ட்ரைசெப்ஸுக்குப் போகும் நரம்பின் ஒரு கிளையை இதேபோல் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை: கொடுக்கும் நரம்பு பலமாக இருக்க வேண்டும்.

அப்புறம் எப்போது கை மடங்கும்?

தசைக்கு அருகிலேயே இணைப்பதால் சில மாதங்களில் முதல் துடிப்பு தெரியும். இணைத்த இழை முன்பு மணிக்கட்டை மடக்கியது என்பதால், முஷ்டியை இறுக்கி, மணிக்கட்டை மடக்கிக்கொண்டே முழங்கையை மடக்கப் பழக வேண்டும். போகப்போக முஷ்டி இல்லாமலே மடங்கும். பலம் கூடுவது இரண்டு வருடம் வரை தொடரும். அதுவரை மூட்டு இறுகாமல் பிசியோதெரபி கட்டாயம்.

கழுத்து வலியும் போய்விடுமா?

போகாது. இது அசைவைத் திரும்பக் கொடுக்கும் ஆபரேஷன். வலிக்குத் தனியாகத்தான் சிகிச்சை பார்க்க வேண்டும்.