இலையுதிர்காலத்தில் பூக்கும் கமேலியா: எதை வாங்குவது, எங்கே நடுவது?

கேள்வி: எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவரோரம் ஆறு வருடமாக ஒரு கமேலியா நிற்கிறது. குளிர்காலக் கடைசியில் பூக்கும் செடி. ஆனால் மொட்டு விரியும் நேரம் பார்த்து உறைபனி விழுந்து, பாதி மொட்டு பழுப்பாகிவிடுகிறது. இலையுதிர்காலத்திலேயே பூக்கும் வகை இருக்கிறதாமே, அதை வாங்கலாமா? மேற்குப் பக்கம் 20 அடி நீளத்துக்கு உயிர்வேலி போல வைக்க ஆசை. வாசலில் தொட்டியிலும் ஒன்று வளருமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். உங்களிடம் இருப்பது அநேகமாக ஜப்போனிகா. நீங்கள் தேடுவது சசாங்கா. இரண்டும் தேயிலைக்கு நெருங்கிய சொந்தம்; தேயிலையின் தாவரவியல் பெயரே கமேலியா சினென்சிஸ்தான். சசாங்காவின் பிறப்பிடம் ஜப்பானின் தெற்குப் பகுதி. அங்கே அதன் விதையிலிருந்து எண்ணெயும் எடுப்பார்கள்.

வாங்கும் முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜப்போனிகாவின் பெரிய, தடித்த பூவை மனதில் வைத்துக்கொண்டு சசாங்காவை வாங்கினால் ஏமாற்றம்தான். இதன் பூ சிறியது, இதழ் மெல்லியது, இரண்டு மூன்று நாளில் ஒவ்வொரு இதழாக உதிர்ந்துவிடும். பறித்து ஜாடியில் வைக்க ஏற்றதல்ல. ஆனால் ஒரு செடியில் நூற்றுக்கணக்கில் மொட்டு கட்டும்; ஒன்று உதிர அடுத்தது விரியும், வாரக்கணக்கில் ஓயாது. செடிக்கடியில் இதழ் விரித்த பாய் போலக் கிடப்பதும் எனக்குப் பிடித்த காட்சி. பல ரகங்களுக்கு லேசான வாசனையும் உண்டு. ஜப்போனிகாவில் வாசனை அபூர்வம்.

இன்னொரு லாபம்: கமேலியாவின் பெரிய தொல்லையான இதழ் கருகல் நோய், குளிர்காலக் கடைசியிலும் வசந்தத்திலும்தான் தலைகாட்டும். அதற்குள் இவை பூத்து முடித்திருக்கும்.

சரி, எந்த ரகம்? வேலிக்கு நான் சொல்வது 'கஞ்ஜிரோ'. இளஞ்சிவப்புப் பூ, ஓரத்தில் நிறம் அடர்த்தி, நன்றாக நிமிர்ந்து வேகமாக வளரும். வேரழுகல் நோயைத் தாங்கும் என்பதால் மற்ற கமேலியாக்களை ஒட்டுக்கட்ட இதையே வேர்ச்செடியாக வைப்பவர்கள் உண்டு. வெள்ளைதான் வேண்டுமென்றால் 'செட்சுகெக்கா'. பெயருக்குப் பனி, நிலவு, மலர் என்று பொருள், அலையலையான பெரிய இதழ்கள். செக்கச்சிவந்த ஒற்றை அடுக்கில் நடுவே மஞ்சள் மகரந்தக் கேசரங்கள் வேண்டுமானால் 'யூல்டைட்'. ஆனால் அது தாமதமாகப் பூக்கும் ரகம், குளிர்காலத்துக்குள்ளும் நீளும். உறைபனிக்குப் பயந்து இலையுதிர்காலப் பூவைத் தேடும் உங்களுக்கு அது முதல் தேர்வாக வேண்டாம். தொட்டிக்கு 'ஷிஷிகஷிரா'. தாழ்ந்து படரும், அளவுக்குள் நிற்கும்.

பெயர்ப்பலகையை மட்டும் நம்பாதீர்கள். முடிந்தால் செடி பூத்திருக்கும்போதே போய்ப் பார்த்து வாங்குங்கள். நிறமும் பூக்கும் காலமும் அப்போதுதான் சந்தேகமில்லாமல் தெரியும். இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். வெள்ளை, பழுப்புப் புள்ளிகளாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது செதில் பூச்சி. அந்தச் செடி வேண்டாம்.

மேற்குப் பக்கம் பிரச்சினை இல்லை. ஜப்போனிகாவைவிட சசாங்கா வெயிலைத் தாங்கும். முழு நிழலில் வைத்தால்தான் பூ குறையும். கொளுத்தும் பிற்பகல் வெயில் என்றால் முதல் இரண்டு கோடைகளில் மட்டும் கொஞ்சம் நிழல் கொடுங்கள். 20 அடிக்குச் செடிக்குச் செடி ஒரு மீட்டர் விட்டு ஆறு செடி போதும். நெருக்கி நட்டால் வேலி சீக்கிரம் அடையும், ஆனால் பின்னால் உள்ளே காற்றே போகாது.

நடும்போது பலரும் தவறுவது ஆழத்தில்தான். கமேலியாவுக்கு மேலோட்டமான வேர். தண்டின் அடி மண்ணுக்குள் புதைந்தால் செடி வருடக்கணக்கில் வளராமல் அப்படியே நிற்கும். வேர்ப்பந்தின் மேற்பரப்பு சுற்றுமண்ணைவிட ஒரு விரலளவு உயர்ந்தே இருக்கட்டும். மண் அமிலத்தன்மையோடு, பிஎச் 5.5 முதல் 6.5-க்குள் இருக்க வேண்டும். சுண்ணாம்பு மண் என்றால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். இரும்புச்சத்து ஏறாததன் அடையாளம் அது. சிமெண்டுச் சுவரை ஒட்டிய மண்ணிலும் சுண்ணாம்பு இறங்கும், அதனால் சுவரிலிருந்து தள்ளியே நடுங்கள். தண்ணீர் தேங்கும் இடம் கூடவே கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் மேடு கட்டி நடுவது நல்லது. மேலே இலைத்தழை அல்லது மரப்பட்டையால் இரண்டு மூன்று அங்குல மூடாக்கு போடுங்கள், தண்டை மட்டும் தொடாமல்.

அப்புறம், மொட்டு. புதுத் தளிர்களின் நுனியில் அது கோடையிலேயே உருவாகிவிடும். அந்த நாட்களில் மண் காய்ந்தால், பூக்க வேண்டிய நேரத்தில் மொட்டு கொட்டும். மொட்டு உதிர்வதைப் பார்த்துவிட்டு அப்போது தண்ணீர் ஊற்றிப் பலனில்லை. கவாத்துக்கும் இதே கணக்கு: பூத்து முடிந்தவுடன், புதுத்தளிர் கிளம்பும் முன் வெட்டுங்கள். கோடைக் கடைசியில் வேலியை 'அழகாக' வெட்டினால் அந்த வருடப் பூவையும் சேர்த்தே வெட்டுகிறீர்கள். உரம் அமில மண் செடிகளுக்கானதை வசந்தத்தில் ஒருமுறை, கோடைத் தொடக்கத்தில் இன்னொருமுறை போடலாம். அதற்குப் பிறகு நிறுத்திவிடுங்கள். குளிர் வரும் நேரத்தில் இளந்தளிர் வந்தால் அது கருகும்.

தொட்டியில் வளர்ப்பதிலும் இதே முறைதான். ஆனால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், கடின நீர் ஊற்றினால் மண்ணின் அமிலத்தன்மையும் மெல்லக் குறையும். மழைநீரைச் சேர்த்து வைக்க முடிந்தால் அதைத் தொட்டிக்கே கொடுங்கள். கடுங்குளிரில் தொட்டியின் வேர் நிலத்தில் உள்ளதைவிடச் சீக்கிரம் உறையும். அந்த வாரங்களில் சுவரோரம் நகர்த்தி, தொட்டியைச் சாக்கால் சுற்றுங்கள்.

உங்கள் பழைய செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். குற்றம் பெரும்பாலும் கிழக்குச் சுவருடையது. இரவில் உறைந்த மொட்டு மேல் அதிகாலை வெயில் நேராக விழுந்தால், படக்கென்று இளகும்போதுதான் அதிகம் கெடுகிறது. இந்த முறை பூத்து முடிந்ததும், வேர்ப்பந்து உடையாமல் அகலமாகத் தோண்டி, காலை வெயில் தாமதமாக வரும் பக்கத்துக்கு மாற்றுங்கள். ஆறு வயதுச் செடி இதைத் தாங்கும். மாற்றிய வருடம் தண்ணீர் தவறாமல் ஊற்றினால் சரி.