சிசுவின் இதயத்தில் வெண்புள்ளி: பயப்பட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 29. 20-ஆம் வார ஸ்கேனில், சிசுவின் இதயத்தில் இடது கீழறையில் 'எக்கோஜெனிக் ஃபோகஸ்' என்ற வெண்புள்ளி இருப்பதாக எழுதியிருக்கிறார்கள், மற்றவை இயல்பு. 12-ஆம் வாரப் பரிசோதனையில் டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவிக் குறைபாடு) வாய்ப்பு குறைவு என்றே வந்தது. ஸ்கேன் எடுத்த அன்று மாலையே ஒருவர் தொலைபேசியில் அழைத்து, உடனே என்.ஐ.பி.டி. ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறார். குழந்தையின் இதயத்தில் ஓட்டையா?

பதில்: இல்லை. அந்தப் புள்ளி ஓட்டையும் அல்ல, இதய நோயும் அல்ல. வால்வை இழுத்துப் பிடிக்கும் சிறு தசையொன்றில் கால்சியம் துளியளவு படிந்திருப்பதால், அந்த இடம் ஸ்கேன் திரையில் எலும்பைப் போல வெள்ளையாகத் தெரிகிறது. இதயம் துடிக்கும்போது அதுவும் கூடவே மேலும் கீழும் ஆடும். நலமாகப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு 3 முதல் 5 பேருக்கு இது கருவில் காணப்படுவதுண்டு.

பிறகு ஏன் எழுதுகிறார்கள்? டவுன் சிண்ட்ரோம் உள்ள சிசுக்களில் இது சற்று அதிகமாகக் காணப்படுவதால்தான். உங்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு என்று முன்பே தெரிந்துவிட்டது. புள்ளி மட்டும் தனியாக இருப்பதால் அந்த முடிவு மாறுவதில்லை. இதை விளக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைத் தர யாருக்கும் நேரமில்லை. 'மருத்துவரை அணுகவும்' என்று ஒரு வரியை அச்சடித்து, நடுங்கும் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். டவுன் சிண்ட்ரோமுக்கான எந்தப் பரிசோதனையும் முன்பு செய்யாதவர் என்றால், இந்தப் புள்ளியைக் கண்டதும் என்.ஐ.பி.டி. செய்துகொள்வது நியாயமே. அவரும் ஒன்றை மறக்கக் கூடாது: அது தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் நஞ்சுக்கொடியின் மரபணுத் துணுக்குகளைப் பார்த்து வாய்ப்பைக் கணிக்கும் சோதனையே தவிர, நோயை உறுதி செய்வதல்ல. 'வாய்ப்பு அதிகம்' என்று வந்தாலும், பனிக்குட நீரை எடுத்துப் பார்த்து உறுதி செய்யாமல், அந்தத் தாளை மட்டும் நம்பிக் கருவைக் கலைக்கும் முடிவுக்கு யாரும் போகக் கூடாது. பயத்தில் அப்படிப் போக நினைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அழைத்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஸ்கேன் அறைக்குள் இருந்த என் ரிப்போர்ட்டும் தொலைபேசி எண்ணும் மாலைக்குள் உங்களிடம் எப்படி வந்தன? பரிசோதனைக்கு ஆள் பிடித்துத் தந்து கமிஷன் வாங்குபவர்களுக்கு உங்கள் பதற்றம்தான் மூலதனம்; 'இன்றே செய்யாவிட்டால் தாமதமாகிவிடும்' என்பது அவர்களுடைய வழக்கமான வசனம்.

12-ஆம் வார ரிப்போர்ட்டையும் இந்த ரிப்போர்ட்டையும் சேர்த்து உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, 'புள்ளியைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா?' என்று கேளுங்கள். இல்லை என்றால், இந்தப் புள்ளிக்காக மட்டும் சிசுவுக்குத் தனியாக எக்கோ (இதயத்துக்கான விரிவான ஸ்கேன்) எடுக்க வேண்டியதில்லை. மறைந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக மறுபடி ஸ்கேன் எடுக்கவும் தேவையில்லை, ஏனென்றால் அது மறைந்தாலும் இருந்தாலும் குழந்தைக்கு ஒன்றுதான்.