துறை ஓரத்தார்

அன்புள்ள ஐயா,

யோகோஹாமாவில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். உடன் பணிபுரியும் தனாகா என்பவரிடம் அவர் பெயருக்குப் பொருள் கேட்டேன். ‘வயல் நடு’ என்றார். 1875-இல் சட்டம் வந்ததும், பெயரில்லாத விவசாயிகள் சுற்றுமுற்றும் பார்த்து, கண்ணில் பட்டதைக் குடும்பப்பெயராக வைத்துக்கொண்டார்களாமே? மனைவி கணவரின் குடும்பப்பெயரை ஏற்பதும் அவர்களுடைய பழைய மரபு என்கிறார்கள். நாமும் இனிஷியலை விட்டுவிட்டு ஊர்ப்பெயரைக் குடும்பப்பெயராக்கிக்கொண்டால் என்ன?

க.

அன்புள்ள க.,

முதலில் திட்டிவிடுகிறேன். மூன்று வருடம் அங்கே இருந்தும் இந்தக் கதையை நம்புகிறீர்களே! எடோ காலத்துக் (1603 முதல் 1868 வரை) குடியானவருக்குக் குடும்பப்பெயரை வெளியில் சொல்லிக்கொள்ளத்தான் தடை. வீட்டுக்குள் பலரிடம் பெயர் இருந்தது. கோயில் நன்கொடைப் பட்டியல்களில் இன்றும் அதைப் பார்க்கலாம். 1870-இல் அரசு அனுமதி கொடுத்தபோது, இதை வைத்து வரி போடுவார்களோ என்று பலர் வாயைத் திறக்கவில்லை. படைக்கு ஆள் கணக்கெடுக்க வேண்டியிருந்த ராணுவம் நெருக்கியது, 1875-இல் கட்டாயமானது. புதிதாகப் பெயர் வைத்துக்கொண்டவர்களும் உண்டுதான். அதற்காக எல்லாரையும் பெயரற்ற கூட்டமாக்கிவிடுவதா?

மனைவி விஷயம்: பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்ளச் சொல்லி 1876-இல் அரசே உத்தரவிட்டது. 1898 சிவில் சட்டத்தில்தான் அது மாறியது. நம் ராயபுரம் ரயில் நிலையத்தைவிட வயதில் சின்ன மரபு. விடுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தவர் தனாகா அல்ல, வத்தனாபே. கடக்கும் துறையின் ஓரம் என்று பொருள் கொள்ளலாம். இன்றைய ஒசாக்காவில், ஆற்றங்கரையில் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருந்தது. அங்கே குடியிருந்த சுனா என்ற வீரர் ஊரின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். பேயின் கையை வெட்டியவர் என்று கதை. அதனால் வத்தனாபேக்களைக் கண்டால் பேய்களுக்குப் பயமாம்; செத்சுபுன் என்ற பேய்விரட்டும் நாளில் மற்றவர்கள் வறுத்த சோயா பயறை எறியும்போது இவர்கள் சும்மா இருக்கலாம் என்பார்கள். சுனாவின் வழியினர் படகேறிப் பல திசைக்கும் போனார்கள். இன்று நாட்டில் மிகப் பரவலான ஐந்தாறு பெயர்களில் இதுவும் ஒன்று.

ஊரின் கதை வேறு. பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி ஒசாக்காவில் கோட்டை கட்டியபோது அங்கிருந்த ஆலயத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். ஊர்ப்பெயரும் ஆலயத்தோடு கூடவே போய் ஒரு சிறு தெருப்பகுதியாக ஒட்டிக்கொண்டது. 1980-களின் கடைசியில் ஒசாக்காவில் வார்டுகளை இணைத்தபோது அந்தப் பெயரும் அழிய இருந்தது. நாடெங்கும் இருந்த வத்தனாபேக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தத் துறையில் கால் நனைத்தவர் அவர்களில் எத்தனை பேர்? ஆனாலும் விடவில்லை. கடைசியில் முகவரியில் எண் வரவேண்டிய இடத்தில் பெயரை வைத்தார்கள்: கியூதாரோமாச்சி நான்காம் பகுதி, வத்தனாபே, 3. அந்த ஆலயத்தின் முகவரி இன்றும் இதுதான். பெயரை எடுத்துக்கொண்டு போன பிள்ளைகள் ஆயிரம் வருடம் கழித்து அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்ததாகவே எனக்குத் தோன்றும்.

இதற்கு நேர் எதிராக, கார் கம்பெனிக்காக 1959-இல் கொரோமோ என்ற தன் பழைய பெயரைத் தூக்கிப் போட்டு, டொயோட்டா என்று மாறிய நகரமும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும்.

நீங்கள் கேட்டது ஊர்ப்பெயர் பற்றி. வையுங்கள், அல்லது வைக்காதீர்கள். நான் வைக்கவில்லை. ஜப்பானில் ஆறு மாதம் இருந்தபோது ஒரு நகராட்சி அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். குடும்பப்பெயர்க் கட்டத்தில் என்ன எழுத? அப்பா பெயரை எழுதினேன்: முருகேசன். அங்கே ‘சன்’ என்பது பெயருக்குப் பின்னால் வரும் மரியாதைச் சொல். நானே எனக்கு மரியாதை போட்டுக்கொண்டேன் என்று அந்தப் பெண் நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கிவிட்டு, பிரித்துக் கூப்பிட்டாள்: “முருகே... சன்.”

அப்பா இறந்து அப்போது நான்கு மாதம். பண்ணை வீட்டு வாசலில் “ஏய் முருகேசா” என்ற குரலுக்கு நாற்பது வருடம் ஓடியவர். அந்தப் பெண் இரண்டாவது முறை கூப்பிட்டாள், இன்னும் மெதுவாக, தலையை லேசாகக் குனிந்து. எழுந்து போக எனக்குச் சற்று நேரம் ஆயிற்று.